மூன்று நிமிஷ மௌனம்

பீப் அக்காவை ஏமாற்றுவது லேசில்லை. காது ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, “பீப்னு கேட்டா கையத் தூக்குங்க” என்று சொல்லிக்கொண்டிருப்பவள் அவள். கேட்காத சத்தத்துக்குக் கை தூக்குகிறவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். கேட்டும் தூக்காத கிழவர்களையும் தெரியும். வீட்டில் மனைவி கூப்பிட்டால் எழுந்து போகாமல் இருக்க அவர்களுக்கு ஒரு டாக்டர் சீட்டு வேண்டும். காதில் பூ சுற்றுகிற வேலை அவளிடம் நடக்காது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி ஊருக்கே அவள் பீப் அக்காதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வேறு ஒரு வேலை. ஊர் இசைச் சங்கம் சீசனுக்கு ஆறு கச்சேரி நடத்தும். மாதம் ஒன்று, நூலகத்தின் மாடி ஹாலில், சாயங்காலம் நான்கு மணிக்கு. வாசிப்பவர்கள் எல்லாம் உள்ளூர் ஆட்கள்தான். பல் டாக்டர் வயலின், பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் செல்லோ, பேக்கரிக்காரரின் மனைவி பியானோ. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வாசிப்பார்கள். நம் வாயைத் திறக்கச் சொல்லும்போது காட்டாத பொறுமையை எல்லாம் பல் டாக்டர் அந்த வயலினிடம் காட்டுவார். கச்சேரிக்கு வர முடியாமல் படுக்கையோடு கிடக்கும் உறுப்பினர்களுக்காக ஒவ்வொன்றையும் பதிவு செய்து அனுப்புவது சங்கத்தின் வழக்கம். அந்தப் பொறுப்பு அக்காவுடையது.

இந்தக் கேட்க வருகிற ஜனங்கள் இருக்கிறார்களே, அவர்களைத் திருத்தவே முடியாது. வாசிக்கும்போது கப்சிப்பென்று இருப்பார்கள். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் அரை நிமிஷம் கிடைத்தால் போதும், மொத்த ஹாலும் இருமும். கைப்பை திறக்கும், நாற்காலி கிறீச்சிடும், மிட்டாய்க் காகிதம் கசங்கும். மறுநாளே அக்கா வீட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அத்தனை இருமலையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பாள். வெட்டிய இடத்தைச் சும்மா விட முடியாது. விட்டால் காது தடுக்கி விழும்; படியில்லாத இடத்தில் காலை வைத்தது போல இருக்கும். ஏனென்றால் ஆளில்லாத ஹாலும் மெல்லியதாக ஏதோ ஒரு சத்தம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சுவர், திரைச்சீலை, கூரை, ஜன்னலுக்கு வெளியே இருக்கும் தெரு எல்லாம் சேர்ந்த சத்தம் அது. அதைத் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, வெட்டிய இடத்தில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுப் போடுவாள். அதற்கு அவள் வைத்த பெயர் மௌனம். காலி ஹாலில் மூன்று நிமிஷ மௌனம் எடுத்தால் ஒரு சீசன் முழுக்க ஓட்டிவிடலாம்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் லிஃப்ட் கதவு மூக்கில் அடித்து எலும்பு கோணிவிட்டது. அன்றிலிருந்து மூச்சை இழுக்கும்போது ஒரு சின்ன விசில் வரும். விசில், ஒரு நொடி நிறுத்தம், பிறகு சத்தமில்லாமல் வெளியே விடுவார். கச்சேரி நாட்களில் வயர் சுருளையும் மைக் கம்பத்தையும் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் மாடி ஏறி வருவார், மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்காருவார், முதல் பகுதி முடிவதற்குள் தூங்கிவிடுவார். சங்கீதம் கேட்டுத் தூங்கவில்லை, இவள் பக்கத்தில் இருக்கிறாளே என்ற நிம்மதியில் தூங்கினார் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தக் குறட்டையையும் விசிலையும் அக்கா மாதாமாதம் வெட்டிப் போடும் இருமல்களோடு சேர்த்து வெட்டிப் போட்டுவிடுவாள்.

போன கோடையில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அக்கா அடுத்த அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் இரண்டு காதையும் பிய்த்து எறியலாம் போல இருக்கும்.

இரண்டு மாதம் கழித்து, வெளியூரில் இருக்கும் மகள் ஃபோனில் கேட்டாள், அப்பா பேசியது ஏதாவது இருக்கிறதா என்று. ஏதாவது ஒரு வார்த்தை போதும், பேரனுக்குத் தாத்தா குரல் தெரிய வேண்டாமா என்றாள். அக்கா இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று தேட உட்கார்ந்தாள். மூன்று நாள் தேடினாள். வீட்டு வீடியோக்கள் நூற்றுக்கு மேல் இருந்தன, எல்லாவற்றையும் எடுத்தவர் அவர்தான். ஒன்றில்கூட அவர் பேசவில்லை. பேசினால்தானே? பதிவு ஓடும்போது வாயைத் திறக்கக்கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே அவருக்குப் பாடம் எடுத்தவள் இவள். குரல் செய்தி அனுப்புகிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. இருபது வருஷத்துக் கச்சேரிகளில் வெட்டாத மூலப்பதிவு ஒன்றுகூட மிச்சமில்லை. இடம் அடைக்கிறது என்று அவளே அழித்திருந்தாள். ஊரில் இருக்கிறவர்கள் சத்தத்தை எல்லாம் சேர்த்து வைத்தவளிடம் சொந்தப் புருஷனின் குரல் ஒரு சொட்டு இல்லை.

மகளிடம் இன்னும் தேடுகிறேன் என்று சொல்லிவைத்தாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்கு உள்ளே இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. அவர் முகம் அப்படியே ஞாபகம் இருக்கிறது, கை ஞாபகம் இருக்கிறது, குரல் மட்டும் நழுவிக்கொண்டே போகிறது. ‘டீ போடட்டுமா’ என்று அவர் கேட்பதை மனதுக்குள் கேட்க முயன்றால் வார்த்தை வந்தது, குரல் வரவில்லை. வேறு யாரோ கேட்பது போல இருந்தது.

மழைக்காலம் தொடங்கியதும் சீசனும் தொடங்கியது. வயர் சுருளை அக்காவே தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். மூன்றாவது வரிசை ஓர நாற்காலியில் வேறு யாரோ ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். கச்சேரி ஒழுங்காக நடந்தது. மறுநாள் முப்பத்தொரு இருமலை வெட்டி, ஒட்டுப் போட்டு, அனுப்பிவைத்தாள்.

வியாழக்கிழமை சங்கச் செயலாளர் கூப்பிட்டார். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு விஷயத்தைச் சொல்ல நான்கு விஷயத்தைச் சுற்றி வருவார். பதிவு பிரமாதம், செல்லோ கொஞ்சம் முன்னால் இருக்கிறது, அது போகட்டும், படுக்கையில் இருக்கும் நம் நர்ஸம்மா மட்டும் ஒரு புகார் சொல்கிறாள் என்றார். பகுதிகளுக்கு நடுவில் யாரோ தூங்குகிறாராம். மூச்சு கேட்கிறதாம். முப்பத்தைந்து வருஷம் வார்டில் ராத்திரி டியூட்டி பார்த்தவள் அந்த நர்ஸம்மா, மூச்சைப் பற்றிச் சொன்னால் சும்மா தள்ளிவிட முடியாது. அக்கா சிரித்துக்கொண்டே பார்க்கிறேன் என்றாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கூட்டம், வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டாள், பார்க்கவில்லை.

இரண்டாவது கச்சேரிக்கு மைக்கை இரண்டடி முன்னால் தள்ளி வைத்தாள். செயலாளர் திரும்பவும் கூப்பிட்டார். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை. “அதே ஆளுதான்னு சொல்றாங்கம்மா. மூக்கு எலும்பு கோணின ஆம்பளைன்னு சொல்றாங்க. நம்ம கூட்டத்துல அப்படி யாரு இருக்கா?”

அக்கா ஃபோனை வைத்துவிட்டு, காலை பத்து மணி வெயிலில், ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்க, ஹெட்ஃபோனை எடுத்து மாட்டினாள். முதல் பகுதி முடிந்தது. பியானோவின் கடைசிச் சத்தம் கரைந்தது. பிறகு, மிக மெல்லியதாக, விசில். ஒரு நொடி நிறுத்தம். அடுத்த விசில். அவள் கை தானாகவே மேலே போயிற்று. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் தூக்குவது போலவே தூக்கியிருந்தாள். அதைப் பார்த்து அவளே பயந்துபோய்க் கையைக் கீழே போட்டாள்.

மூன்றாவது கச்சேரியில் அவள் ஒரு முடிவோடு இருந்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றவே இல்லை. இடைவெளிகளில் இருமினார்கள், நாற்காலியை இழுத்தார்கள், மூச்சு இல்லை. வீட்டுக்கு வந்ததும் வெட்டாத பதிவை முழுக்கக் கேட்டாள். அதிலும் இல்லை. வழக்கம் போல இருமலை வெட்டினாள், ஒட்டுப் போட்டாள், திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு ஒட்டிலும் அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இருமல் இருந்த இடத்தில் எல்லாம் அவர் இருந்தார்.

எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. போன சீசன் முடிந்ததும் ஹாலில் திரைச்சீலை மாற்றினார்கள். துணி மாறினால் ஹாலின் சத்தமும் மாறும். அதனால் இந்த சீசனுக்கென்று புது மௌனம் எடுக்க ஒரு மத்தியானம் போனாள், மைக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு அவரும் வந்திருந்தார். அதற்கப்புறம் ஆறே வாரம்தான் அவர் உயிரோடு இருந்தது. ஆக, மௌனம் எடுக்கும்போது அவர் ஹாலில் இருந்திருக்கிறார், மூச்சு விழுந்திருக்கிறது. அப்போது அவளுக்கு ஏன் கேட்கவில்லை? அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. இருபத்தாறு வருஷம் பக்கத்தில் படுத்திருக்கிற ஆளின் மூச்சைக் காது சத்தமாகவே எடுத்துக்கொள்ளாது. வீட்டுக் கடிகாரம் அந்த வீட்டுக்காரர்களுக்குக் கேட்கிறதா என்ன?

போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது அவளுக்கு. உடனே இன்னொன்றும் தோன்றி உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்தாள். கம்ப்யூட்டரில் இருப்பது வெட்டி எடுத்த மூன்று நிமிஷம் மட்டும். அன்றைக்குப் பதிவான முழு நீளம் சங்கத்தின் பழைய ரெக்கார்டிங் மெஷினில் இருக்க வேண்டும். அந்த மெஷின் பழுதாகி, புதுசு வந்து, பழையது ஹால் அலமாரியில் மெமரி கார்டோடு கிடக்கிறது. மூச்சு விழுந்திருக்கிறது என்றால் அதற்கு முன்னே பேச்சும் விழுந்திருக்கலாம். ஒரு வார்த்தை. மகள் கேட்டது அவ்வளவுதானே.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, மூன்று மணிக்கு நூலகத்து வாசலில் நின்றாள். செயலாளர் சாவிக்கொத்தோடு வந்தார். எதற்கு என்று கேட்டார், மௌனத்தில் ஒரு தப்பு என்று மட்டும் சொன்னாள். ஹாலில் ஈ காக்கை இல்லை. நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் வைத்திருந்தார்கள். புதுத் திரைச்சீலை தரை வரை தொங்கியது. அலமாரியில் மெஷின் தூசி படிந்து கிடந்தது. கார்டை எடுத்து இப்போதைய மெஷினில் போட்டுவிட்டு, ஒரே ஒரு நாற்காலியை இறக்கி உட்கார்ந்தாள். பதினேழு நிமிஷம் என்று காட்டியது.

முதலில் அவள் செருப்புச் சத்தம். கம்பத்தைத் தரையில் வைக்கும் சத்தம். அவர் மூச்சு, விசில், நடை, எதையோ கீழே போட்டு எடுத்தார். பேசவில்லை. ஐந்து நிமிஷம் போயிற்று, ஆறு போயிற்று. பேசித் தொலைங்களேன் என்று அக்கா வாய்விட்டே சொல்லிவிட்டாள். ஜன்னலோரம் நின்ற செயலாளர் திரும்பிப் பார்த்தார்.

ஒன்பதாவது நிமிஷத்தில் அவளுடைய சொந்தக் குரல் வந்தது. கொஞ்சம் சலிப்பு, கொஞ்சம் அதிகாரம், ஆஸ்பத்திரிக் குரல்.

“என்னங்க, கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க. உங்க மூச்சு விழுது.”

“சரி” என்றார் அவர்.

அவ்வளவுதான். கோபமில்லாத, கொஞ்சம் கரகரத்த, சளி பிடித்த மாதிரியான அந்தக் குரல். இதுதான், இதேதான், எப்படி மறந்தேன் என்று அக்கா இரண்டு கையாலும் ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் தாடை வரை வந்து சொட்டியது. திரும்பப் போட்டாள். நான்கு தடவை போட்டாள். நான்கு தடவையும் அவளே அவரை வெளியே அனுப்பினாள், நான்கு தடவையும் அவர் சரி என்றார்.

ஐந்தாவது தடவை நிறுத்தாமல் ஓடவிட்டாள். கதவு திறந்து சாத்தியது. பின்னாலேயே தாழ்ப்பாள் விழுந்தது, அதைப் போட்டது அவள்தான். கதவுக்கு வெளியே அவர் மரப்படியில் இறங்கும் சத்தம், ஒவ்வொரு படியாக, கீழே போய் நின்றது. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வேலை முடிந்து இவள் இறங்கி வந்தபோது அவர் கடைசிப் படியில் உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன பழைய செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். முடிஞ்சுதா என்பது போல முகத்தைத் தூக்கிப் பார்த்தார். அவள் வெட்டி வைத்திருந்த மூன்று நிமிஷம், அவர் போன பிறகு எடுத்தது. தாழ்ப்பாள் போட்ட பிறகு.

ஹெட்ஃபோனில் காலி ஹால் ஓடிக்கொண்டிருந்தது. சுவர், திரைச்சீலை, தெரு. அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். வராது, இங்கே வர நியாயமே இல்லை என்று சொல்லிக்கொண்டாள். இருபது நொடி கழித்து விசில் வந்தது. ஒரு நொடி நிறுத்தம். மறுபடி விசில். அவர் ஹாலுக்குள் நின்றிருந்தபோது கேட்டதைவிடப் பக்கத்தில், மைக்குக்கு ஒரு முழம் தூரத்தில், மைக்குக்குப் பின்னால் அவள் நின்றிருந்த இடத்தில் கேட்டது. மூன்று நிமிஷம் முழுக்க இருந்தது, மிச்சம் இருந்த நேரத்திலும் இருந்தது. பிறகு அவள் மெஷினை நிறுத்தும் சத்தத்தோடு பதிவு முடிந்தது.

கழற்றி மடியில் வைத்தாள். குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. செயலாளர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டுமா என்றார். தப்பு கிடைத்ததா, புது மௌனம் ஒன்று இப்போதே எடுத்துவிடலாமே, ஹாலும் காலி, நான் வேண்டுமானால் வெளியே போய் நிற்கிறேன் என்றார். பாவம், உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

“வேண்டாம் சார்” என்றாள் அக்கா. “யாரையும் வெளிய அனுப்ப வேண்டாம்.”

நான்காவது கச்சேரியில் இருந்து அவள் ஒட்டுப் போடவில்லை. இருமல், தும்மல், மிட்டாய்க் காகிதம் எல்லாம் அப்படியே போயிற்று. செயலாளர் நான்கு விஷயம் சுற்றி வந்து, ஏதோ சந்தைக் கடையில் இருந்து கேட்பது போல இருக்கிறது என்று வருத்தப்பட்டார். பல் டாக்டருக்கும் மனத்தாங்கல். அக்கா இதற்கெல்லாம் அசையவில்லை. சீசன் முடிந்ததும் நர்ஸம்மாவை ஒரு தடவை பார்க்கப் போனாள். படுக்கையில் சாய்ந்தபடியே அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, பதிவுகளைப் பற்றி ஒரு குறையும் சொல்லாமல், அந்த மனுஷன் ஏன் இப்போதெல்லாம் வருவதில்லை என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லையே, நன்றாகத்தானே தூங்கிக்கொண்டிருந்தார் என்றாள். விசாரித்ததாகச் சொல்கிறேன் என்று அக்கா சொல்லிவிட்டு வந்தாள்.

மகளுக்கு அனுப்பும் வேலை பாக்கி இருந்தது. அந்த ஒரு வார்த்தையைத் தனியாக வெட்டி எடுத்தாள். அது அவளுக்கு அரை நிமிஷ வேலை. தன்னுடைய குரல் இல்லாமல், தாழ்ப்பாள் இல்லாமல், சரி என்று அவர் மட்டும். மகளுக்கும் பேரனுக்கும் அது போதும். அம்மா அப்பாவைத் துரத்தியது அவர்களுக்கு எதற்கு? அனுப்பப் போனவள் நிறுத்தினாள். வாழ்நாள் முழுக்க வெட்டியாயிற்று, இதையும் வெட்ட வேண்டுமா என்று இருந்தது. பதினேழு நிமிஷத்தையும் அப்படியே அனுப்பிவிட்டு, மகள் என்ன சொல்வாளோ என்று ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் கூப்பிட்டாள். மூக்கடைத்த குரல், அழுதிருக்கிறாள்.

“கேட்டேம்மா. அப்பாவேதான்” என்றாள். “வெளிய போங்கன்னு சொல்றியே.”

“ஆமாடி. சொன்னேன். எப்பவுமே சொல்வேன்.”

மகள் கோபித்துக்கொள்வாள் என்று அக்கா நினைத்தாள். மகள் அதை விட்டுவிட்டாள். அவளுக்கு வேறு ஏதோ கேட்க வேண்டியிருந்தது, கேட்கலாமா என்று யோசிப்பது ஃபோனிலேயே தெரிந்தது.

“அம்மா, சரின்னு சொல்றாரு. கதவு சாத்துது. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் மூச்சு கேக்குது. உன் பக்கத்துலயே கேக்குது. அப்பா போகலையா?”

தாழ்ப்பாள் போட்ட கை இன்னும் ஞாபகத்தில் இருந்தது. கடைசிப் படியில் செய்தித்தாளோடு அவர் நிமிர்ந்து பார்த்த முகமும் இருந்தது. அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“போகலைடி” என்றாள்.